மயில்மலையிலிருந்து காவேரிக் காட்டுக்கு

"மீன் பிடிக்கப் போவதற்கும் வழிகாட்டி ஒருவர் வேண்டுமா?" என்று கேட்டு எங்கள் குன்றக்குடியில் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு நியாயமும் உண்டு. காரைக்குடிக்குச் சுமார் பத்துக் கிலோமீட்டர் தள்ளி, தோகையை மடக்கிப் படுத்த மயிலைப் போல் இருக்கிறது எங்கள் மலை. அதன் உச்சியில் ஷண்முகநாதப் பெருமானைத் தரிசித்துவிட்டு வெளியே வந்து நாலு திக்கும் பார்த்தால், ஊருணிகளும் கண்மாய்களும் பொட்டல்களுந்தான் கண்ணில் படும். வற்றாத ஆறு என்பது எங்கள் பிள்ளைகளுக்குப் பூகோளப் புஸ்தகத்து ஸங்கதி. மழை பெய்தால் கண்மாயில் தண்ணீர். பெய்யாவிட்டால் கண்மாய்க்குள்ளே மாடு மேயும்.

இந்தச் சீமையில் மீன்பிடிப்பு என்பது ஊர் கூடிச் செய்யும் காரியம். பங்குனி சித்திரையில் கண்மாய்த் தண்ணீர் முழங்கால் மட்டத்துக்கு இறங்கியதும், இன்ன நாளில் மீன்பிடித் திருவிழா என்று அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் சேதி போய்விடும். விடிவதற்கு முன்பே ஜனங்கள் கரையைச் சுற்றி வந்து நிற்பார்கள். மூங்கில் சிம்புகளால் கூம்பாக முடைந்து, மேலும் கீழும் வாய் திறந்த ஊத்தா சிலர் கையில் இருக்கும்; கச்சாவும் வலையும் சிலர் கையில்; ஒன்றும் அகப்படாத சிறுவர்கள் அம்மாவின் பழம்புடவையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். ஊர்ப் பெரியவர் ஸ்வாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான்! ஆயிரம் கால்கள் ஒரே ஸமயத்தில் சேற்றில் இறங்கும். விரால், கெளுத்தி, குரவை, கெண்டை எல்லாம் கலங்கல் தண்ணீரில் திசை தெரியாமல் பாயும். பிடித்ததை விலைக்கு விற்கக் கூடாதென்று பல ஊர்களில் கட்டுப்பாடு உண்டு. அன்று மாலை எந்தத் தெருவில் நடந்தாலும் குழம்பு மணந்தான். இப்படி ஊரே இறங்கிப் பிடித்தால் அடுத்த பருவத்தில் மழை நன்றாகப் பெய்யும் என்பது நம்பிக்கை.

இதில் வழிகாட்டிக்கு வேலை எங்கே? ஆனால், இதற்கு நேர்மாறாக, ஆள் நடமாட்டமில்லாத காட்டாற்றைத் தேடிப் போய், வழிகாட்டி ஒருவரை முன்னால் நடக்கவிட்டு, நாளெல்லாம் ஒரே ஒரு மீனுக்காகக் காத்து நின்று, அது கிடைத்ததும் முத்தமிடாத குறையாகத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிட்டு வரும் மனிதர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட யாத்திரைகள் நம் காவேரியிலேயே பல வருஷங்கள் நடந்தன என்று கேள்விப்பட்டு, சென்ற பொங்கல் விடுமுறையில் நாங்கள் நால்வர் அந்த இடத்தைப் பார்த்துவரப் புறப்பட்டோம். நால்வரும் பள்ளிக்கூடத்து ஆசாமிகள். எங்களில் ஒருவர் தமிழ்ப் பண்டிதர். சுத்த சைவ போஜனம். "மீனைத் திருப்பி விடுகிறார்கள் என்றால் நானும் வருகிறேன்" என்ற நிபந்தனையின் பேரில் அவர் வந்தார்.

இந்த வித்தையின் மிக நுட்பமான வகை ஈத்தூண்டில். அதில் புழு இல்லை, மாவு இல்லை. ஊசி போன்ற சின்னக் கொக்கியின் மேல் பட்டு நூலாலும் இறகாலும் ஒரு பொய் ஈயைக் கட்டுகிறார்கள். அதற்கு எடையே கிடையாது. ஆகையால் அதைக் கல்லைப் போல் விட்டெறிய முடியாது. கனமான நூலைக் கோலால் முன்னும் பின்னும் காற்றில் சாட்டை போல் வீசி, அந்த நூலின் வேகமே ஈயைக் கொண்டுபோய் நீர்மேல் மெல்ல இறக்கும்படி செய்ய வேண்டும். மெய்யான பூச்சிதான் விழுந்தது என்று மீன் நம்ப வேண்டும். நிழல் விழுந்தால் போச்சு. கரையில் கால் அதிர்ந்தாலும் போச்சு.

அந்தப் பொய் ஈயை எதனால் கட்டுகிறார்கள் என்று விசாரித்தபோது எங்களுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஐரோப்பாவில் இந்தக் கலை வளர்ந்த நாளிலிருந்து மிகவும் மதிப்புப் பெற்ற சாமான்கள் இரண்டு: ஒன்று மயில் தோகையின் இழை, மற்றொன்று நம் தென்னாட்டுக் காடுகளில் திரியும் சாம்பல்நிறக் காட்டுச் சேவலின் கழுத்திறகு. அரக்குத் துளி ஒட்டியது போன்ற பளபளப்பான புள்ளி அந்த இறகில் உண்டு. தண்ணீருக்குள் அது மீனின் கண் போல் மின்னுமாம். ஸ்காத்லாந்து ஆற்றில் துரைமார் ஸால்மன் மீனுக்கு வீசிய ஈக்களில் எத்தனையோ நம் காட்டுச் சேவலின் கழுத்திலிருந்து போனவை. "முருகனுடைய வாகனமும் கொடியும் மீனை ஏமாற்றவா பயன்பட வேண்டும்?" என்றார் பண்டிதர். குன்றக்குடிக்காரரான எங்களுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

தூண்டில் விளையாட்டே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் ஸோமேசுவரன், பன்னிரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 'மானஸோல்லாஸம்' என்ற ஸம்ஸ்கிருத நூலைச் செய்தான். அரசர்களுக்குரிய பொழுதுபோக்குகளைச் சொல்லும் அந்த நூலில் 'மத்ஸ்ய விநோதம்' என்று ஒரு பகுதி இருக்கிறது. எந்த மீன் எங்கே வாழும், எதற்கு எந்த இரை, கோலும் நூலும் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் விவரித்திருக்கிறான். தூண்டில்காரர்களின் வேதமென்று ஆங்கிலேயர் கொண்டாடும் ஐஸக் வால்டனின் புஸ்தகம் வந்தது 1653-இல். கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஈத்தூண்டிலுக்கு ஏற்ற டிரௌட் மீனை மட்டும் துரைமார் வெளியிலிருந்துதான் கொண்டுவந்தார்கள். நீலகிரியில் 1860-களில் பிரான்ஸிஸ் டே முயன்றது பலிக்கவில்லை. ஸென்னை ஸர்க்காரின் மீன் நிபுணரான எச். ஸி. வில்ஸன் 1907-ஐ ஒட்டி அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் அந்த ஓடைகளில் டிரௌட் வேரூன்றியது. காச்மீரத்தில் அதற்குச் சில வருஷங்கள் முந்தி. அழகான மீன்தான், ஆயினும் குளிர்நாட்டு விருந்தாளி. எங்களுக்குப் பார்க்க வேண்டியிருந்தது நம் ஆற்றில் பிறந்த மீன்.

அதன் பெயர் மஹஸீர். கெண்டைக் குலத்தைச் சேர்ந்தது. ஆனால் கெண்டை என்றதும் சட்டிக்குள் அடங்கும் மீனை நினைக்கக் கூடாது. காவேரியின் கூன்முதுகு மஹஸீர், நன்கு வளர்ந்தால் ஐம்பது கிலோவையும் தாண்டும். 1946-இல் மைஸூர் வான் இங்கன் என்பவர் கபினி நதியில் பிடித்த மீன் 120 ராத்தல், அதாவது 54 கிலோவுக்கு மேல். தலைக்குப் பின்னால் முதுகு கூனலாக எழும்பி நிற்கும். துடுப்பும் வாலும் செம்மஞ்சள். ஒவ்வொரு செதிலும் உள்ளங்கை அகலம். வாயில் பல் இல்லை, பல்லெல்லாம் தொண்டைக்குள்ளே. நண்டையும் நத்தையையும் அங்கே வைத்து நொறுக்கும். தூண்டிலில் மாட்டியதும் வெள்ளத்தின் வேகத்தோடு தன் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு பாறைகளுக்கிடையே ஓடும். மதராஸ் ஸிவில் ஸர்வீஸைச் சேர்ந்த எச். எஸ். தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டிலைப் பற்றி எழுதிய பெரிய புஸ்தகத்தில் இந்த மஹஸீர் குலத்துக்குத்தான் அக்கிராஸனம்.

காரைக்குடியில் இரவு பஸ் ஏறி, மறுநாள் பெங்களூரில் இறங்கி, கனகபுரம், ஹலகூர் வழியாக முத்தத்தி போய்ச் சேர்ந்தோம். ஹலகூரைத் தாண்டியதும் சாலை காட்டுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. மரங்களுக்கிடையே திடீரென்று காவேரி தெரிகிறாள். தஞ்சாவூரில் வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வீட்டுக்கு வீடு புகுந்து வேலை செய்யும் காவேரியை மட்டுமே அறிந்தவர்களுக்கு இது வேறொரு பெண்ணாகத் தோன்றும். பாறைமேல் மோதி நுரைப்பாள். அடுத்த வளைவில் கறுத்து ஆழ்ந்து அசையாமல் கிடப்பாள். கரை முழுதும் வெண்பட்டை போர்த்திய நீர்மருதமரங்கள். அவற்றின் கிளைகளில் பூனையளவு பெரிய சாம்பல்நிற மலையணில் தாவிக்கொண்டிருந்தது. நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டில் இருக்கும் அதே ஜாதி. எதிர்மணல் திட்டில் முதலை ஒன்று வாயைத் திறந்துகொண்டு வெயில் காய்ந்தது. யானைகள் மாலையில் தண்ணீர் குடிக்க வரும் என்றார்கள். எங்களுக்கு லத்திதான் தரிசனமாயிற்று.

முத்தத்தியில் ஆஞ்சநேயர் கோவில் இருக்கிறது. இந்த மடுவில் ஸீதாதேவி நீராடும்போது மூக்கணி விழுந்துவிட்டதாம். அநுமார் வாலால் ஆற்றைக் கலக்கி எடுத்துக் கொடுத்தாராம். கோவில் படித்துறையில் பக்தர்கள் மீன்களுக்குப் பொரி போடுகிறார்கள். அங்கிருந்து சற்றுத் தூரத்தில் பீமேசுவரி. இன்னும் கீழே காலிபோர். அப்புறம் அர்க்காவதி நதி வந்து கலக்கும் ஸங்கமம். அதற்கும் கீழே ஆறு பாறை இடுக்கில் ஒடுங்கும் மேகதாது. இந்த இடமெல்லாம் கர்நாடகத்தின் காவேரி வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தது, 1987-இல் ஏற்பட்டது.

நாங்கள் தேடிப் போன மனிதர் ஒரு பரிசல்காரர். வயது எழுபதுக்கு மேலிருக்கும். தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். பீமேசுவரி, காலிபோர் முகாம்களில் தூண்டில்காரர்களுக்கு இருபது வருஷங்களுக்கு மேல் வழிகாட்டியாக இருந்தவர். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அவரும் கேட்கவில்லை.

"மொதல்லே நானும் தோட்டா போட்டவன்தான், ஸார்" என்று ஆரம்பித்தார். "ஒரு தோட்டா வெடிச்சா ஒரு கூடை மீன். மேலே மிதக்கிறதைத்தான் நாங்க பொறுக்குவோம். அடியிலே செத்துப் போனதுக்குக் கணக்கே இல்லை."

"பாவமில்லையா, பெரியவரே?" என்றார் பண்டிதர்.

"பசிக்குப் பாவம் ஏது, ஸாமி? அப்புறம் முகாம்காரங்க வந்து மாசச் சம்பளம் கொடுத்தாங்க. இந்த ஆத்திலே மீன் எங்கே இருக்கும்னு எங்களைவிட யாருக்குத் தெரியும்? பிடிக்கிறவனையே காவல் போட்டாங்க."

அந்த முகாம்களின் கதை சுவையானது. விடுதலைக்குப் பிறகு துரைமார் போய்விட்டார்கள்; பெரிய மஹஸீரும் போய்விட்டது என்றே உலகம் எண்ணியிருந்தது. 1970-களின் பிற்பகுதியில் ஆங்கில இளைஞர் மூவர், பழைய புஸ்தகங்களைப் படித்துவிட்டுக் காவேரிக்கு வந்து, ராக்ஷஸ மீன்களைப் பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குமேல் பல தேசத்தார் வரத் தொடங்கினார்கள். 1972-இல் பெங்களூரில் ஏற்பட்ட தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகை எடுத்துக் காவல் போட்டது; கர்நாடக ஸர்க்காரைச் சேர்ந்த விடுதி நிறுவனம் பீமேசுவரி, தொட்டமக்களி, காலிபோர் என்ற மூன்று இடங்களில் முகாம் அமைத்தது. பிடித்த மீனை நிறுத்துப் பார்த்து, எழுதிக்கொண்டு, உயிரோடு ஆற்றில் விட வேண்டும் என்பது விதி. உள்ளூர் வாலிபர்கள் வழிகாட்டிகளானார்கள். அவர்களில் பலர் நம் பெரியவரைப் போல முன்பு திருட்டு மீன் பிடித்தவர்கள்.

வழிகாட்டி என்றால் வழியை மட்டும் காட்டுகிறவர் அல்லர். விடியுமுன் கேழ்வரகு மாவைப் பிசைந்து, வேகவைத்து, எலுமிச்சம்பழ அளவில் உருண்டை பிடித்துக் கொக்கியைச் சுற்றி அப்புவார். காவேரியில் பொய் ஈயைவிட ராகி உருண்டைக்கே மீன் அதிகம் மயங்கிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈயை வீசியவர்களும் உண்டு, உலோகக் கரண்டியை மினுக்கி இழுத்தவர்களும் உண்டு. மாவில் என்ன என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டோம். பெரியவர் சிரித்தாரே தவிர, சொல்லவில்லை. எங்கள் ஊர் ஆச்சிமார் பலகாரப் பக்குவத்தை மறைக்கும் அதே சிரிப்பு!

பிறகு பரிசலில் ஏற்றிக்கொண்டு போவார். மூங்கில் பத்தைகளால் வட்டமாக முடைந்து, அடியில் தார் பூசிய அந்தக் கூடைக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, ஒற்றைத் துடுப்புதான். எங்களையும் அரைமணி நேரம் ஏற்றிப் போனார். ஆற்றை அவர் வாசிக்கும் விதம் அப்போதுதான் தெரிந்தது. எங்கள் கண்ணுக்கு எல்லாம் ஒரே தண்ணீர். "அதோ, அந்த வரி மடங்குது பாருங்க. கீழே பாறை இருக்கு. பாறைக்குப் பின்னாலே தண்ணி சுத்தி நிக்கும். அங்கேதான் அது படுத்திருக்கும், மேல்நீர் கொண்டுவர்றதைத் தின்னும்" என்றார். மீன் ஓட ஆரம்பித்தால் நூல் ராட்டை கதறிக்கொண்டு சுற்றும். தூண்டில்காரர் கரையில் தடுமாறிக்கொண்டு ஓடுவார். நூல் பாறையில் உராய்ந்து அறுமுன் பெரியவர் பரிசலை வெள்ளத்தில் விட்டு அந்தப் பாறைக்கு மறுபக்கம் போய் நூலை விடுவிப்பார். சில ஸமயம் மூழ்கியும் விடுவிப்பார். கடைசியில் படம் எடுக்கும்போது துரை மீனைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்பார். பழைய படங்களைப் பார்த்திருக்கிறோம்; வழிகாட்டிகள் ஓரத்தில் நிற்கிறார்கள், இடுப்பளவு தண்ணீரில், மீனின் வாலைத் தாங்கிக்கொண்டு. ஸாதனைப் பட்டியல்களில் மீனின் எடையும் துரையின் பெயரும் அச்சாகியிருக்கின்றன. பரிசல் தள்ளியவர் யார் என்று எவரும் எழுதவில்லை.

ஆனால் முகாம்களில் எழுதிவைத்த இன்னொரு கணக்கு மிகப் பெரிய காரியத்தைச் செய்தது. 1998 முதல் 2012 வரை காலிபோர் முகாமில் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன், என்ன எடை என்று குறித்துவைத்தார்கள். மொத்தம் 23,620 மணி நேரம், 6,161 மஹஸீர். ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் இந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். மீன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிருந்தது. எல்லோரும் மகிழ வேண்டியதுதானே? இல்லை. ஏறியது நீலத்துடுப்பு மஹஸீர் என்ற வேறு ஜாதி. காவேரிக்கே உரிய கூன்முதுகு மீன் வருஷத்துக்கு வருஷம் அருகி வந்தது; அகப்பட்ட சிலவும் கிழட்டு மீன்கள். குஞ்சுகளைக் காணோம். முதியோர் மட்டும் மிஞ்சிய கிராமம் எப்படி இருக்குமோ அப்படி!

நீலத்துடுப்பு மீன் எங்கிருந்து வந்தது? அது கிருஷ்ணா நதித் தொகுதியைச் சேர்ந்தது. மஹாராஷ்டிரத்தில் லோனாவ்லாவிலுள்ள டாட்டா பொரிப்பகத்தில் அதைச் செயற்கையாகப் பொரிக்கக் கற்றுக்கொண்டு, மஹஸீர் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தோடு 1970-களிலிருந்து பல ஆறுகளிலும் விட்டார்கள். மஹஸீர் என்றால் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தார்கள். காவலும் இருந்தது, அக்கறையும் இருந்தது. ஆனால் காக்க வேண்டியது எது என்று எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அணைகளும் சும்மா இருக்கவில்லை. கிருஷ்ணராஜ ஸாகரமும் 1934-இல் முடிந்த மேட்டூரும் ஆற்றைத் துண்டித்தன. மழை வெள்ளத்தில் மேலேறிப் போய்க் கூழாங்கல் படுகையில் முட்டையிடும் மீனுக்கு வழி அடைந்தது.

இதைவிட வெட்கக்கேடு ஒன்று உண்டு. நூற்றைம்பது வருஷங்களாக உலகமெல்லாம் புகழ்ந்த இந்தக் கூன்முதுகு மீனுக்கு விஞ்ஞானத்தில் உறுதியான பெயரே இல்லாமல் இருந்தது. 2007-இல் மதுஸூதன குறுப், ராதாகிருஷ்ணன் என்ற கேரள அறிஞர் இருவர் பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களைப் புது ஜாதியென்று வர்ணித்தார்கள். பாம்பாறு கிழக்கே ஓடி, நம் அமராவதியாகிக் காவேரியில் கலப்பது. அந்த மீனுக்கு, சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் பணிசெய்த ரேமாதேவி என்ற மீனியல் அறிஞரின் பெயரை வைத்து 'டார் ரேமாதேவியை' என்றார்கள். பிறகு மோயாற்றில் கூன்முதுகு மீன்களைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று 2018-இல் நிரூபித்தார்கள். அதே வருஷம் உலகப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில், அடியோடு அழியும் அபாயத்திலுள்ள ஜாதி என்று அது சேர்க்கப்பட்டது. பெயர் கிடைத்த வேளையில் பெயருக்குரியவர் மரணப் படுக்கையில் இருந்தார் என்றார் எங்கள் பண்டிதர்.

இதற்குள் முகாம்களில் தூண்டில் நின்றுவிட்டது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தூண்டில் போடக் கூடாது என்று முடிவாகி, 2012-உடன் காவேரியில் மீன் யாத்திரைகள் முடிந்தன. முகாம்கள் இப்போது இயற்கை விடுதிகளாக நடக்கின்றன. பரிசல் சவாரி உண்டு, தூண்டில் கிடையாது. ஈத்தூண்டிலோடு வழிகாட்டியைப் பின்தொடர விரும்புகிறவர்கள் உத்தராகண்டத்து ராமகங்கைக்கும், ஸரயூவும் மஹாகாளியும் கூடும் பஞ்சேசுவரத்துக்கும் போகிறார்கள். அங்கே இருப்பது ஹிமாலயத்து மஹஸீர்.

சட்டத்தின் நோக்கத்தை நாங்கள் குறை சொல்லவில்லை. விளையாட்டுக்காக ஓர் உயிரின் வாயில் கொக்கியை மாட்டுவது எங்கள் மனத்துக்கும் ஒப்பவில்லை. சூதாட்டத்தின் வெற்றியைச் சொல்ல வந்த வள்ளுவர், தூண்டில் இரும்பை விழுங்கிய மீனைத்தானே காட்டினார் என்று பண்டிதர் அன்று பரிசலிலேயே வாதித்தார். பெரியவர் துடுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஸாமி சொல்றது சரி. ஆனா கொக்கி ஒரு மீனுக்கு வலிக்கும்; தோட்டா குஞ்சோட சேர்த்துக் கொல்லும். நாங்க ராத்திரி ஆத்தோரம் இருந்த மட்டும் தோட்டாக்காரன் வரலை. இப்போ அங்கே யாரு இருக்கா?" என்றார்.

எங்களுக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். தூண்டில் நின்றது பெரிய நஷ்டம் அல்ல. அதோடு கணக்கும் நின்றதும், ஆற்றை வாசிக்கத் தெரிந்தவர்களின் சம்பளம் நின்றதுந்தான் நஷ்டம். தடைக்குப் பின் காவல் குறைந்து வெடியும் வலையும் திரும்பும் என்று ஆராய்ச்சியாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலும் காவேரி வடக்குச் சரணாலயமும், 2022-இல் காவேரி தெற்குச் சரணாலயமும் ஏற்பட்டிருக்கின்றன. சந்தோஷம். ஆனால் தண்ணீருக்குள் இருப்பதைக் காக்க, கரையில் பலகை நட்டால் போதுமா? மேகதாதுவில் 67 டி.எம்.ஸி. கொள்ளளவில் அணை வேண்டுமென்று கர்நாடகம் திட்டம் வைத்திருக்கிறது. நம் வயல்களுக்கு வரும் தண்ணீரைப் பற்றியே அந்த வழக்கை நாம் பேசுகிறோம், பேச வேண்டியதுந்தான். அணை எழுந்தால் நாங்கள் நின்ற இந்தப் பள்ளத்தாக்குக் காட்டில் கணிசமான பகுதி முழுகும் என்பதும், ஓடும் நீரில் மட்டுமே முட்டையிடும் மீனுக்கு நிற்கும் நீர் வீடாகாது என்பதும் அந்தப் பேச்சில் வருவதில்லை.

எங்கள் ஊரில் நடந்த ஒன்று இங்கே ஞாபகம் வருகிறது. குன்றக்குடி அடிகளார் (1925–1995) மடத்துக்குள் மட்டும் இருந்துவிடாமல், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் முதலிய இடங்களிலிருந்து விஞ்ஞானிகளை எங்கள் கிராமத்துக்கே வரவழைத்தார். எங்களிடம் என்ன இருக்கிறது, என்ன குறை என்று வீடு வீடாகக் கணக்கெடுத்து, ஊராரையே திட்டம் போடவும் தொழில் நடத்தவும் செய்தார். 'குன்றக்குடி முறை' என்று அதற்குத் தேசத்திலே பெயர் ஏற்பட்டது. எல்லாத் தொழிலும் நிலைத்தன என்று சொல்லமாட்டோம். ஆனால் ஊரை அறிந்தவன் ஊரான், உபாயம் அறிந்தவன் விஞ்ஞானி, இருவரையும் ஒரே திண்ணையில் உட்காரவைக்க வேண்டும் என்ற எண்ணம் அசலானது. முத்தத்தியிலும் ஒகேனக்கல்லிலும் மோயாற்றங்கரைத் தெங்குமரஹடாவிலும் அப்படி ஒரு திண்ணை வேண்டும். பெரியவரைப் போன்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் காவலும் கணக்கும் ஒப்படைத்தால், கொக்கி இல்லாமலே மீனை எண்ணும் உபாயங்கள் விஞ்ஞானிகளிடம் உண்டு. மீன் உதிர்த்த அணுக்களை ஒரு குடம் தண்ணீரில் கண்டுபிடித்து, இன்ன ஜாதி இங்கே இருக்கிறது என்று சொல்கிறார்கள் இப்போது. எந்த மடுவில் குடத்தை முக்க வேண்டும் என்று சொல்லப் பரிசல்காரர் வேண்டாமா?

சாயங்காலம் முத்தத்திப் படித்துறைக்குத் திரும்பினோம். மளவள்ளிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்தார் பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளின் காலடியில் மீன்கள் கூட்டமாக எழும்பி, தண்ணீர் கொதிப்பது போல் ஆயிற்று. முழங்கை நீளம் இருக்கும் ஒன்று படிக்கு அருகிலேயே புரண்டது. செதில் வெயிலில் வெள்ளித் தகடாகப் பளபளத்தது. "மஹஸீர்!" என்று நாங்கள் கூவிவிட்டோம்.

பெரியவர் எட்டிப் பார்த்தார். "துடுப்பைப் பாருங்க, ஸார். நீலம். இது வந்தது. அது இல்லை."

அதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டோம். விரலை மடக்கி எண்ணினார். இளைய மகளின் கல்யாணத்துக்கு முந்தின மாசி மாதம் என்றார். அந்த மகளுடைய பையன் இப்போது ஹலகூர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கிறானாம். அவனுக்குப் பரிசல் தள்ளத் தெரியுமா என்று பண்டிதர் விசாரித்தார். "தெரியும், ஸாமி. தண்ணியைப் பார்க்கத்தான் இன்னும் சொல்லிக் கொடுக்கலை" என்றார்.

ஹலகூர் பஸ் ஹாரன் அடித்தது. பெரியவர் கையில் மிச்சமிருந்த பொரியைப் படியில் கொட்டிவிட்டு, பரிசலைத் தூக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு மருதமரத்தடியாக நடந்து போனார்.